காடு சேர்க்கும் கரிமம், காடு இழக்கும் கரிமம்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

நெல்லுக்கும் கரும்புக்கும் உர அளவு சொல்ல வேண்டிய உழவியல் ஆசிரியர், இன்று காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பவானிசாகர் அணைக்கு நீர் கொண்டுவரும் பவானி, மோயாறு ஆகிய இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறப்பவை. மலைக்காட்டின் நலம் கெட்டால் கீழே வாய்க்கால் பாசனத்தின் நலமும் கெடும். இது முதற் காரணம். இரண்டாவது காரணம் புதியது. "உங்கள் நிலத்தில் மரம் நடுங்கள், மரம் சேர்க்கும் கார்பனுக்குப் பணம் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு இப்போது ஊர்களுக்கு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்திடுமுன், மரம் கார்பனை எப்படிச் சேர்க்கிறது, எப்படி இழக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

கார்பனைத் தமிழில் கரிமம் என்கிறோம். விறகை மூட்டமிட்டுச் சுட்டால் எஞ்சும் கரி பெரும்பாலும் இதுவே. காற்றில் இது கரியமில வாயுவாக உலவுகிறது. பூமியின் வெப்பம் வெளியேறாதபடி போர்வைபோல் தடுத்து வைப்பதில் இந்த வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1958-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, 10 லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதும், காடு அழிப்பதும் இதற்கு முக்கிய காரணங்கள்.

வரவு, செலவு, இருப்பு

காட்டின் கரிமக் கணக்கு நம் வீட்டுக் குதிரின் நெல் கணக்கைப் போன்றது. அறுவடையில் நெல் உள்ளே வருகிறது, உணவுக்கும் விதைக்கும் வெளியே போகிறது, மீதி இருப்பு. எவ்வளவு வந்தது என்பதை மட்டும் பார்த்தால் குதிரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

வரவு இலையில் நடக்கிறது. இலைத்துளை வழியே நுழையும் கரியமில வாயுவையும், வேர் உறிஞ்சும் நீரையும், சூரிய ஒளியின் துணையோடு சேர்த்து மரம் சர்க்கரை தயாரிக்கிறது. அந்தச் சர்க்கரையே பிறகு இலையாக, பட்டையாக, தண்டாக, வேராக மாறுகிறது.

செலவு பல வழிகளில் நடக்கிறது. மரமும் உயிர்தான், அது இரவும் பகலும் மூச்சு விடுகிறது. இலையில் தயாரான கரிமத்தில் ஏறக்குறையப் பாதி, மரத்தின் மூச்சிலேயே திரும்பக் காற்றுக்குப் போய்விடுகிறது. உதிர்ந்த சருகையும் பட்டுப்போன கிளையையும் கரையானும் பூசணமும் மற்ற நுண்ணுயிர்களும் தின்று, அவையும் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. இவற்றோடு தீ, புயல், பூச்சி, கோடரி ஆகியவை சேர்ந்தால் செலவு ஒரே நாளில் பெருகிவிடும்.

இதில் ஒரு சிறு கணக்கை நினைவில் வையுங்கள். காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். ஆயிரம் கிலோ காய்ந்த கட்டையில் 500 கிலோ கரிமம் இருப்பதாகக் கொள்வோம். எரியும்போது 12 கிலோ கரிமம், காற்றிலுள்ள 32 கிலோ ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிலோ கரியமில வாயு ஆகிறது. எனவே அந்த ஆயிரம் கிலோ கட்டை எரிந்தால் 1,800 கிலோவுக்கும் மேல் வாயு வெளியேறும். கட்டையைவிடப் புகைக்கு எடை அதிகம்!

ஆண்டுதோறும் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 30 சதவீதத்தை நிலத்துத் தாவரங்களும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. அதில் பெரும் பங்கு காடுகளுடையது. காடுகள் இந்த வேலையைச் செய்யாவிட்டால் வெயில் இன்னும் விரைவாக ஏறியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

காட்டின் கரிமம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் மரத்தைக் காட்டுவோம். அது பாதிப் பதில்தான். உலகக் காடுகளில் மொத்தம் 66,200 கோடி டன் கரிமம் இருப்பதாக உணவு, வேளாண்மை நிறுவனம் 2020-இல் கணக்கிட்டது. அதில் உயிருள்ள மரம் செடிகளில் இருப்பது 44 சதவீதம். மண்ணில் இருப்பது 45 சதவீதம். மீதி சருகிலும் பட்ட மரத்திலும் உள்ளது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கைப்படி காடுகளின் மொத்தக் கரிமம் சுமார் 728 கோடி டன். அதிலும் பாதிக்கு மேல் மண்ணில்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நீலகிரியின் சோலைக் காடுகள். மலையின் மடிப்புகளில் சோலையும், சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்திருக்கும். அங்கே மண்ணைத் தோண்டினால் கருமையாக இருக்கும். குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்கின்றன. விழுந்த சருகும் செத்த வேரும் முழுதும் மட்காமல், பல நூறு ஆண்டுகளாக மண்ணோடு மண்ணாகச் சேர்ந்த செல்வம் அது. புல்வெளியில் மரமே இல்லாவிட்டாலும் புல்லின் வேர்கள் ஆண்டுதோறும் மண்ணுக்குள் கரிமத்தைச் சேர்க்கின்றன.

இந்தப் புல்வெளிகளை வீண் நிலம் என்று கருதியே 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே தைலமரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். பின்னர் சீகை தானாகவே பரவியது. பழனி மலையில் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துபோனதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2018-இல் தெரிவித்தது. மேலே மரம் வளர்ந்ததால் கரிமம் கூடியதுபோல் தோன்றும். ஆனால் தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். உதகை அருகே கிளென்மார்கனில் புல்வெளியில் தைலமரம் நட்டுப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தனர். முதல் சுழற்சியிலேயே ஓடை நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. அடுத்த சுழற்சியில் இழப்பு இன்னும் கூடியது. ஆகவே எங்கும் மரம் நட்டால் நல்லது என்பது சரியல்ல. எந்த இடத்தில், எந்த மரம் என்பதைப் பார்க்க வேண்டும்.

வெப்பம் கூடினால் என்ன ஆகும்?

"கரியமில வாயு மரத்துக்கு உணவு என்கிறீர்கள். காற்றில் அது கூடினால் மரம் நன்றாகத்தானே வளரும்?" என்று ஓர் உழவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாயு கூடும்போது வளர்ச்சி ஓரளவு கூடுவது உண்மை. ஆனால் யூரியா மட்டும் இட்டு, மணியையும் சாம்பலையும் தண்ணீரையும் விட்டுவிட்டால் பயிர் எவ்வளவு விளையும் என்பது உங்களுக்குத் தெரியும். மரத்துக்கும் அதே விதிதான். நீரும் மணிச்சத்தும் போதாத இடத்தில் வாயு மட்டும் கூடிப் பயனில்லை. அதற்கு எதிராக நான்கு தீமைகள் வேலை செய்கின்றன.

1. வறட்சி. மண்ணில் ஈரம் குறைந்தால் மரம் இலைத்துளையை மூடிக்கொள்ளும். நீர் சேமிப்பாகும், ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் நின்றுவிடும். வரவு நின்றாலும் மூச்சு என்னும் செலவு நிற்காது. வறட்சி நீடித்தால் மரத்தின் நீர்க்குழாய்களில் காற்று புகுந்துவிடும். கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போனதும் மோட்டார் காற்றை இழுப்பதில்லையா? அதுபோலத்தான். அப்படிப்பட்ட மரம் பின்னர் மழை பெய்தாலும் பிழைப்பது அரிது.

2. மட்குதல் விரைவாதல். ஈரம் இருக்கும்போது வெப்பம் 10 டிகிரி கூடினால் மட்கும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுவான அளவு. சமவெளி வயலில் இட்ட தொழு உரம் விரைவில் மறைவதும், மலையில் மண் கருமையாக நிற்பதும் இதனால்தான். குளிர்ந்த மலைகள் சூடேறினால் அந்தக் கருமண்ணின் இருப்பும் கரையத் தொடங்கும்.

3. பூச்சி. கனடாவின் மேற்குப் பகுதியான பிரிட்டிஷ் கொலம்பியாவில், அரிசி மணி அளவே உள்ள ஒரு வண்டு பைன் மரப்பட்டையைத் துளைத்து வாழ்கிறது. முன்பெல்லாம் கடுங்குளிர் அதன் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர் குறைந்ததால் வண்டு பெருகிப் பல லட்சம் எக்டரில் மரங்கள் செத்தன. கரிமத்தைச் சேர்த்துவந்த அந்தக் காடு, கரிமத்தை வெளியிடும் காடாக மாறியது என்று 2008-இல் ஆய்வாளர் காட்டினர்.

4. தீ. இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எல்லாத் தீயும் ஒன்றல்ல

முதுமலையின் இலையுதிர் காட்டைப் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். அங்கே பற்றும் தீ பெரும்பாலும் தரையோடு ஓடும். புல்லும் சருகும் எரியும். தடித்த பட்டையுள்ள பெரிய மரங்கள் தப்பிவிடும். மழை வந்ததும் புல் தழைக்கும். எனவே ஒரு முறை வந்த தரைத்தீயின் இழப்பில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் ஈடாகிவிடும்.

ஆனால் அதே இடத்தில் ஆண்டுதோறும் தீ வந்தால் கதை வேறு. கன்றுகள் தலைதூக்குமுன் மறுபடி கருகிவிடும். பெரிய மரங்கள் மூப்படைந்து சாயும்போது அவற்றின் இடத்தைப் பிடிக்க இளமரங்கள் இருக்கமாட்டா. வெளியே பார்த்தால் காடு காடாகத்தான் தெரியும். உள்ளே வாரிசு இல்லை. முதுமலையில் 1988 முதல் 50 எக்டர் பரப்பில் மரங்களுக்கு எண் இட்டு, எது பிறந்தது, எது செத்தது, எது பருத்தது என்று இந்திய அறிவியல் கழகத்தினர் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். ஓராண்டுக் கணக்கைப் பார்த்துக் காட்டை எடைபோட முடியாது என்பதை இத்தகைய நீண்ட கணக்குகளே கற்பிக்கின்றன.

இதோடு உண்ணிச்செடி எனும் களையும் சேர்ந்துவிட்டது. புதர்ப்புதராக வளர்ந்து, கோடையில் காய்ந்து நிற்கும் உண்ணி, தரையில் ஓடும் தீயை மேலே ஏற்றிவிடும் ஏணியாகிறது. தப்ப வேண்டிய மரமும் அப்போது கருகும்.

வடக்கே குளிர் நாடுகளில் தீயின் தன்மை வேறு. அங்கே மரத்தோடு மண்ணின் மேலுள்ள தடித்த மக்குப் படலமும் எரியும். 2023-இல் கனடாவில் சுமார் 1.5 கோடி எக்டர் காடு எரிந்தது. அதிலிருந்து 60 கோடி டன்னுக்கும் மேல் கரிமம் காற்றில் கலந்ததாக மதிப்பிட்டுள்ளனர். ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து இதைவிட அதிகம் வெளியிடும் நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்றே. நூறாண்டு வரவு ஒரு கோடையில் செலவாயிற்று.

பிரேசில் நாட்டின் அமேசான் காட்டிலும் எச்சரிக்கை தெரிகிறது. 2010 முதல் 2018 வரை நான்கு இடங்களில் விமானத்தில் பறந்து காற்றைப் புட்டிகளில் பிடித்து அளந்தார்கள். காடு அதிகம் அழிக்கப்பட்டு, கோடை வெப்பம் ஏறிவிட்ட தென்கிழக்குப் பகுதி, தான் உறிஞ்சுவதைவிட அதிகக் கரிமத்தை வெளியிடுகிறது என்று 2021-இல் வந்த முடிவு கூறுகிறது. காடு இழக்கும் கரிமம் வெப்பத்தைக் கூட்டும். கூடிய வெப்பம் காட்டை மேலும் இழக்கச் செய்யும். இந்தச் சுழலில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றே. காட்டில் கரிமம் மெதுவாகச் சேர்கிறது, விரைவாகப் போகிறது. நூறு புதிய கன்றுகளை நடுவது நல்லதே. ஆனால் நிற்கும் பழைய மரத்தையும் அதன் அடியிலுள்ள மண்ணையும் காப்பது அதைவிட முதன்மையானது. போன இருப்பை அந்தக் கன்றுகள் ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும்.

கார்பன் ஒப்பந்தமும் உழவரும்

2024 ஜனவரியில் மத்திய வேளாண்மை அமைச்சகம், வேளாண்மையில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வழிமுறை ஒன்றை வெளியிட்டது. எனவே இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் இனிக் கூடவே செய்யும். இவற்றை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஏற்பாடு, வரப்பு மரத்திலிருந்து உழவருக்குக் கூடுதல் வருவாய் தரலாம். ஆனால் விற்கும் பொருள் என்ன என்பதைத் தெளிவாக உணருங்கள். இங்கே விற்கப்படுவது மரக்கட்டை அல்ல. "இந்தக் கரிமம் இத்தனை ஆண்டு காற்றுக்குத் திரும்பாது" என்ற உறுதிமொழி. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிக் கடைமடைப் பகுதியில் எத்தனை தென்னைகளை ஓர் இரவில் சாய்த்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மரத்தை வைத்து உறுதிமொழி தருகிறவர் அந்த இரவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கையெழுத்திடுமுன் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? நிலத்தை விற்றாலோ, பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தாலோ என்ன ஆகும்?

2. தீ, புயல், வறட்சி, பூச்சியால் மரம் போனால் பொறுப்பு யாருடையது? வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

3. மரத்தை வெட்டி விற்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா? எந்த ஆண்டு முதல்?

4. அளப்பவர் யார்? அளக்கும் செலவு யாருடையது? விற்ற விலையில் உங்கள் பங்கு எவ்வளவு?

5. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குப் பணம் உண்டா? பெரும்பாலும் இராது. புதிதாகச் சேரும் கரிமத்துக்கே பணம் தருவார்கள். அதற்காகப் பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புதிது நடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். தமிழில் தர மறுப்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் நிலத்தில் செய்யக்கூடியவை

காட்டில் நடக்கும் வரவு செலவே நம் வயலிலும் நடக்கிறது. உங்கள் மண் பரிசோதனை அறிக்கையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும். அது 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மேல்மண் சுமார் 900 டன் எடை இருக்கும். அதில் கரிமம் 0.1 சதவீதம் கூடினால், ஏக்கருக்கு ஏறக்குறைய 900 கிலோ கரிமம் மண்ணில் சேர்ந்ததாகப் பொருள். அந்த மண் மழைநீரைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். இட்ட உரத்தையும் வீணாக்காது. கார்பன் சந்தை வந்தாலும் வராவிட்டாலும் இந்த ஆதாயம் உங்களுடையது.

கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் பார்களுக்கிடையே பரப்பி மட்கவிடுங்கள். நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுங்கள். தொழு உரத்தை வெயிலில் குவித்து வைக்காமல் குழியில் இட்டு மூடி வையுங்கள்.

வரப்பிலும் வேலியோரத்திலும் மரம் வளர்ப்பவர்கள், அந்தக் கட்டை கடைசியில் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சில ஆண்டுகளில் வெட்டிக் காகிதக் கூழுக்குப் போகும் சவுக்கின் கரிமம் விரைவில் காற்றுக்குத் திரும்பும். கதவாகவும் உத்தரமாகவும் மாறும் தேக்கின் கரிமம் வீட்டில் பல பத்தாண்டு தங்கும். சவுக்கு வேண்டாம் என்பதல்ல. விரைவில் பணம் தருவது அதன் சிறப்பு. இரண்டையும் கலந்து நடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு போன்ற நம் நாட்டு மரங்கள் தழை உரமும் நிழலும் தந்து நெடுநாள் நிற்பவை.

காட்டையொட்டி வாழ்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப்புல் தளிர்க்கட்டும் என்று கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். வேலியோரக் குப்பையைக் கொளுத்துவதானால் காற்றில்லாத வேளையில், சுற்றிலும் மண்ணைச் சுரண்டிவிட்டு, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். புகை கண்டால் உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். உங்கள் பகுதியில் உண்ணிச்செடி அகற்றும் பணி நடந்தால் அதில் பங்கு கொள்ளுங்கள்.

உழவர் பெருமக்களே! நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் பூட்டிக் கிடந்த கரிமம். அதைத் தொழிற்சாலையில் எரித்துவிட்டு, சில பத்தாண்டே நிற்கும் மரத்தில் ஈடுகட்டிவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. எரிப்பதைக் குறைக்க வேண்டியவர்கள் குறைத்தே ஆக வேண்டும். நம் பங்குக்கு, மலையில் நிற்கும் காட்டையும் வயலில் உள்ள மண்ணையும் தீயிலிருந்து காப்போம். அடுத்த முறை மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்போது, தழை, மணி, சாம்பல் சத்துக்களைப் பார்ப்பதற்கு முன் அங்ககக் கரிமம் எவ்வளவு என்று பாருங்கள். சென்ற முறையைவிட அது கூடியிருந்தால், உங்கள் குதிரில் இருப்பு ஏறுகிறது என்று பொருள்.